இரண்டு முட்டையும் ஒரு மெல்லிய குழலும்

தோசைக்கல் வாங்கப் போனால் நாம் முதலில் என்ன செய்கிறோம்? கையில் எடுத்துத் தூக்கிப் பார்க்கிறோம். கனமான கல் காய நேரமாகும். ஆனால் ஏறிய சூடு நிதானமாக நிற்கும். லேசான கல் அடுப்பில் வைத்ததும் காய்ந்துவிடும். மூன்றாவது தோசை கருகிப் போகும். 'கனமா, லேசா?' என்ற இதே கேள்விதான், வேட்டைத் துப்பாக்கியைத் தமக்கென்று சொல்லிச் செய்துகொள்கிறவர் முன்னாலும் வந்து நிற்கிறது!

துப்பாக்கிக்கு உயிர் அதன் குழல். நம் வீட்டு ஊதுகுழல் போல அது நெடுகிலும் ஒரே பருமனாக இருப்பதில்லை. தோட்டா வெடிக்கும் அடிப்பக்கத்தில்தான் வாயுவின் அழுத்தம் மிக அதிகம். ஆகவே அங்கே குழல் தடித்திருக்கும். நுனியை நோக்கிப் போகப் போக மெலியும். எங்கே, எவ்வளவு மெலிய வேண்டும் என்பதில்தான் சாமர்த்தியம் எல்லாம்.

தடித்த குழல் சுலபத்தில் சூடாகாது, அதிர்வும் குறைவு. ஓரிடத்தில் படுத்துக்கொண்டு இலக்குப் பலகையை ஓயாமல் சுடுகிறவருக்கு அதுதான் உகந்தது. மெல்லிய குழலோ சில வெடிகளிலேயே கொதித்துவிடும். குண்டு குறியை விட்டு விலகத் தொடங்கும். துப்பாக்கி லேசாக இருப்பதால் தோளில் உதையும் பலமாக விழும்.

பின்னே, மெல்லிய குழலை யார் விரும்புவார்கள்? மலையேறும் வேட்டைக்காரர்கள்தாம். அவர்களுக்குக் கிடைப்பது ஆறிய குழலிலிருந்து ஒரு வெடி. அதிர்ஷ்டம் இருந்தால் இரண்டு. அந்த ஒரு வெடிக்காக நாள் முழுவதும் அதைச் சுமக்க வேண்டுமே! கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு மலைக் கோயிலுக்குப் படியேறியவர்களுக்கு, பாதி வழியில் பாரம் இரட்டிப்பாகும் ரகசியம் தெரியும்.

இந்த லேசான குழல் ஒருவர் உயிரையே காப்பாற்றிய கதை உண்டு.

1907-ஆம் வருஷம், குமாவுன் பகுதியில் 436 பேரைக் கொன்றதாகச் சொல்லப்பட்ட சம்பாவத் பெண்புலியைச் சுட்டு வீழ்த்தினார் ஜிம் கார்பெட். அதற்காக, லண்டன் ரிக்பி கம்பெனியார் செய்த .275 ரைஃபிள் ஒன்று அவருக்குப் பரிசாக வழங்கப்பட்டது. ஒற்றைக் குழல், மெலிந்த உடல், கைக்கு அடக்கம். கனத்த இரட்டைக் குழல் துப்பாக்கியும் அவரிடம் இருந்தது.

1930 ஏப்ரல் 11. இம்முறை தேடியது சௌகர் பெண்புலி. அதன் கணக்கில் 64 உயிர்கள். வறண்ட ஓடை வழியே இறங்கிய கார்பெட், பக்கிக் குருவியின் முட்டைகள் இரண்டைக் கண்டு ஆசையாக இடது கையில் எடுத்துக்கொண்டார். வலது கையில் லேசான ரிக்பி. பெரிய பாறை ஒன்றைச் சுற்றி வந்து திரும்பிப் பார்த்தார். எட்டடி தூரத்தில் புலி!

சட்டென்று அசைந்தால் பாயும். இடது கையோ முட்டைகளோடு கட்டுண்டிருக்கிறது. வலது கை ஒன்றாலேயே துப்பாக்கியை மெள்ள மெள்ள, முக்கால் வட்டம் திருப்பினார். அந்த லேசான துப்பாக்கியே கடைசியில் கையை இழுக்கத் தொடங்கிவிட்டது. கனத்த குழலாக இருந்தால்? நினைக்கவே குலை நடுங்குகிறது. குண்டு பாய்ந்தது. புலி இருந்த இடத்திலேயே சாய்ந்தது.

இடது கை காலியாக இருந்திருந்தால் தாம் சட்டென்று திரும்பியிருப்போம், புலியும் பாய்ந்திருக்கும் என்று கார்பெட்டே பின்னால் எழுதினார். முட்டையும் லேசான துப்பாக்கியும் சேர்ந்தல்லவா அவரைக் காத்தன!

வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின்படி இப்போது நம் நாட்டில் பொழுதுபோக்கு வேட்டைக்கு இடமில்லை, அது நல்லதே. ஆனால் அந்தக் குழல் கற்பிக்கும் பாடம் நமக்கும் உதவும். 'எது உசத்தி?' என்று கேட்டுப் பயனில்லை, 'எந்தக் காரியத்துக்கு?' என்றே கேட்க வேண்டும்.

அந்த முட்டைகள் என்ன ஆயின என்கிறீர்களா? கார்பெட் அவற்றை எடுத்த இடத்திலேயே திரும்ப வைத்தார். அரைமணி கழித்துப் பார்த்தபோது, தாய்க் குருவி அடை காத்துக்கொண்டிருந்தது.