புதுக் கயிற்றில் ஒரு பிசிறு

கலிஃபோர்னியாவின் மில்பிடாஸில் பலருக்குக் குறை காண்பதுதான் பிழைப்பு. சிலிக்கான் தகடுகளில் ஒளிந்திருக்கும் நுண்பழுதுகளைத் தேடிப் பிடிக்கும் கருவிகளைச் செய்கிற கேஎல்ஏ நிறுவனத்தின் தலைமையகம் இந்த ஊரில்தான் இருக்கிறது; சென்னையிலும் அதற்கு ஒரு மையம் உண்டு. அந்தத் தொழிலில் இருப்பவர்கள் எல்லாப் பழுதையும் ஒரே தட்டில் வைப்பதில்லை. ஒரு பழுது சிப்பையே சாகடித்துவிடும். இன்னொன்று எந்தச் சுற்றிலும் படாமல் சும்மா கிடக்கும். எது எந்த வகை என்று பிரித்துச் சொல்வதில்தான் திறமை.

இதே ஊரிலிருந்து, தமிழர்கள் உட்படப் பலர், சனிக்கிழமை ஆனால் பாறையேறக் கிளம்புகிறார்கள். தொடக்கம் பெரும்பாலும் சான்ஹோசே, சன்னிவேல் பக்கத்து ஜிம் சுவர்கள். பிறகு சாரடோகாவுக்கு மேலே காசில் ராக் பூங்காவின் மணற்கல், தெற்கே பின்னக்கிள்ஸ், கடைசியில் யோசெமிட்டி. ஜிம்மில் மேலிருந்து தொங்கும் கயிறு ஜிம்முக்குச் சொந்தம். அதைப் பற்றிக் கவலைப்பட அங்கே ஆள் இருக்கிறார். வெளியே போகத் தொடங்கினால் கயிறு நம்முடையது, கவலையும் நம்முடையது. 60 மீட்டர் கயிறு வீட்டுக்கு வந்து, கட்டைப் பிரித்துக் கூடத்தில் பரப்பும்போது கண்ணில் படுகிறது ஒரு பிசிறு. கொஞ்சம் தள்ளி, விரலில் நெருடும் ஒரு சின்ன முண்டு. இதில் தொங்கலாமா?

பதில் கயிற்றின் உடம்பில் இருக்கிறது. இன்றைய பாறையேற்றக் கயிறு, கிணற்றுக் கயிறு போல முப்புரியாகத் திரித்தது அல்ல. 1953இல் ஜெர்மனியின் ஈடெல்ரிட் நிறுவனம் கொண்டுவந்த அமைப்பு அது: உள்ளே நீளவாக்கில் ஓடும் நைலான் புரிகள், அவற்றைச் சுற்றிப் பின்னிய உறை. விழுகிறவரின் பாரத்தில் பெரும்பங்கைத் தாங்குவது உள்புரி. உராய்வையும் தூசியையும் வாங்கிக்கொள்வது உறை. ஆகவே கேள்வி ஒன்றுதான்: கண்ணில் பட்ட குறை உறையோடு நின்றதா, உள்ளே போனதா?

அதைக் கண்ணால் தீர்மானிக்க முடியாது, கைதான் சொல்ல வேண்டும். ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை கயிறு முழுவதையும் விரல்களுக்கு இடையே மெதுவாக ஓடவிட வேண்டும். சந்தேகமான இடத்தில் கயிற்றை வளைத்துப் பிடித்தால், நல்ல கயிறு உருண்டையான வளைவாக நிற்கும். சட்டென்று தட்டையாக மடிந்தாலோ, அந்த இடம் மட்டும் கொழகொழவென்று இருந்தாலோ, உள்புரி பழுதாகியிருக்கலாம். பின்னலில் நூல் முடிந்து புதிய நூல் சேரும் இடத்தில் குட்டிக் குஞ்சம்போல் தெரியலாம். ஒரே ஒரு நூல் எதிலோ மாட்டி இழுபட்டிருக்கலாம். சாயம் ஓரிடத்தில் வெளுத்திருக்கலாம். இவை பெரும்பாலும் உறையோடு முடிகிற விஷயங்கள். உறையின் பல நூல்கள் அறுந்து வெள்ளையாக உள்புரி எட்டிப் பார்த்தால் பேச்சுக்கே இடமில்லை. முண்டு இருக்கும் இடத்தில் கயிறு விறைத்திருந்தாலும், உறை உள்புரியின் மேல் நழுவி முனையில் வெறும் குழாயாகத் தொங்கினாலும், அதைப் பாறைக்கு எடுத்துப் போகக் கூடாது. சுருளை முறையாக உருட்டிப் பிரிக்காததால் விழும் முறுக்கு வேறு. எரிச்சலூட்டும், ஆனால் தொங்கவிட்டு உதறினால் தணியும்.

நீலகிரியில் மலைத்தேன் எடுக்கும் குறும்பர்கள் காட்டுக்கொடியில் தாங்களே செய்த ஏணியில் பாறைமுகத்தில் இறங்குகிறார்கள். மேலே கொடியைக் காத்து நிற்பது மைத்துனன் என்பது வழக்கம். கயிற்றைச் செய்தவர் யார், காப்பவர் யார் என்று இறங்குகிறவருக்குத் தெரியும். மில்பிடாஸில் பெட்டியைப் பிரிக்கிறவருக்குத் தெரிவது முனையில் ஒட்டிய சிறு பட்டை மட்டும்: வட்டத்துக்குள் 1 என்ற எண், ஈஎன் 892 என்ற ஐரோப்பியத் தர எண், தயாரித்த ஆண்டு, தொகுதி எண்.

அந்தப் பட்டையின் பொருள் லேசானதல்ல. ஒற்றைக் கயிற்று மாதிரியில் 80 கிலோ எடையைக் கட்டி, ஐந்து நிமிட இடைவெளியில் மறுபடி மறுபடி விழச் செய்கிறார்கள். குறைந்தது 5 வீழ்ச்சிகளை அது தாங்க வேண்டும். முதல் வீழ்ச்சியின் உச்ச விசை 12 கிலோநியூட்டனைத் தாண்டக் கூடாது. ஏறக்குறைய 1,200 கிலோ எடையின் இழுப்பு அது. ஆனால் அந்தச் சோதனை முடிந்தால் கயிறு குப்பைக்குத்தான். கூடத்தில் கிடக்கும் கயிறு ஒருமுறைகூட விழுந்து பார்த்ததில்லை, அதன் உடன்பிறப்புகள்தான் விழுந்தன. இந்த ஒரு கயிற்றின் இந்த ஒரு முண்டைப் பற்றி எந்தச் சான்றிதழும் பேசாது. அதனால்தான் வாங்கியவரின் விரல்களுக்கு வேலை இருக்கிறது.

சோதனையின் இன்னொரு எல்லையை உலகம் ஒரு மரணத்தில் கற்றது. 1955 ஜனவரி 2, ஜப்பானின் மாயே-ஹொடாக்கா சிகரத்தின் கிழக்கு முகம். குளிர்காலத்தில் மூவர் ஏறுகிறார்கள். கையில் 8 மில்லிமீட்டர் நைலான் கயிறு, புத்தம் புதியது. சணலைவிட நைலான் பலமடங்கு வலிமையானது என்று எல்லாரும் நம்பிய காலம். வகாயாமா கோரோ என்ற மாணவர் வழுக்கினார். வழுக்கியது சுமார் அரை மீட்டர். கயிறு அறுந்தது.

உடன் வந்தவர்கள் நடந்ததைச் சொன்னார்கள், பலர் நம்பவில்லை. முடிச்சைச் சரியாகப் போட்டிருக்க மாட்டார்கள், காலில் மாட்டிய இரும்பு முள்ளால் மிதித்திருப்பார்கள் என்றெல்லாம் பேச்சு எழுந்தது. இறந்தவரின் அண்ணன் இஷியோகா ஷிகெயோ, அவர்களின் மலையேற்றக் கழகத்தின் தலைவரும் அவரே, தானே சோதித்துப் பார்த்தார். நேராக இழுத்தால் நைலான் அசராமல் நின்றது. கூர்மையான பாறை விளிம்பில் வைத்தால் சுலபமாக அறுந்தது. அதே ஆண்டு ஏப்ரல் 29 அன்று கமகோரி நகரில், கயிறு உற்பத்தியாளரின் தொழிற்சாலையில், பத்திரிகையாளர்கள் பார்க்க ஒரு சோதனை நடந்தது. விளிம்பில் நைலான் அறவில்லை. இறந்தவனின் தோழர்கள் பொய்யர்களானார்கள். அந்தச் சோதனையின் விளிம்பு லேசாக மழுக்கப்பட்டிருந்தது என்பது பிறகுதான் வெளியே வந்தது.

இஷியோகா விடவில்லை. கோடையில் பனி உருகியபின் தம்பியின் உடல் கிடைத்தது, கயிறு இடுப்பில் கட்டியபடியே. அறுந்த முனையை ஆராய்ந்தார், எழுதினார், வாதாடினார். இனோவே யாசுஷி இந்தச் சம்பவத்தை வைத்து ‘ஹ்யோஹெகி’ என்ற நாவல் எழுதியபோது நாடே இதைப் பேசியது. 1973இல் ஜப்பானில் நுகர்பொருள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1975இல் அதன்கீழ் பாறையேற்றக் கயிற்றுக்குத் தரம் வகுத்தார்கள். தம்பி இறந்து 20 ஆண்டுகள் கழித்து. ஒரு மில்லிமீட்டர் அளவுக்கு மழுங்கிய விளிம்புக்கும் மழுங்காத விளிம்புக்கும் உள்ள வித்தியாசத்துக்காக ஒரு மனிதர் தன் வாழ்வின் பாதியைக் கொடுத்திருக்கிறார். இன்று கயிறு வாங்குகிற ஒவ்வொருவரும் அவருக்குக் கடன்பட்டவர்கள்.

வகாயாமாவின் கயிற்றில் குறையே இல்லை என்பதுதான் இங்கே கவனிக்க வேண்டியது. இன்றைய தரச் சோதனையிலும் கயிறு மடிவது 5 மில்லிமீட்டர் ஆரத்தில் உருட்டிய விளிம்பின் மேல்தான். பாறையின் கூர்விளிம்புக்கு அந்தப் பட்டை உத்தரவாதம் தரவில்லை.

விளிம்பு மட்டுமல்ல, உரசலும் தேய்மானமும் கொல்லும்: யோசெமிட்டியின் லீனிங் டவர் பாறை அப்படி இரண்டு சாவுகளைப் பார்த்திருக்கிறது. 1998 நவம்பரில் பாறையேறி டேன் ஆஸ்மன் அங்கே கயிற்றில் கட்டிக் குதித்து இறந்தார். கயிற்றின் மேல் கயிறு உரசி, நைலான் உருகி அறுந்தது என்பது ஆய்வின் முடிவு. 2006 அக்டோபரில் இன்னொரு பாறையேறி டாட் ஸ்கின்னரின் இடுப்புப் பட்டையான ஹார்னஸின் வளையம் அறுந்தது. அது தேய்ந்திருந்தது அவருக்கே தெரியும்; புதியதற்குச் சொல்லியும் வைத்திருந்தார்.

கண்ணுக்கே தெரியாத பழுதுகளும் உண்டு. பேட்டரி அமிலம் பட்ட நைலான் பார்க்க நன்றாகவே இருந்து, சின்ன இழுப்பில் அறுந்துவிடும். கார் டிக்கியிலும் கராஜ் தரையிலும் கயிற்றைப் போட்டு வைக்கும் பழக்கம் உள்ள ஊருக்கு இது அவசியமான எச்சரிக்கை. நடுவை அடையாளம் காண மார்க்கர் பேனாவால் கோடு போடுகிறவர்களும் இருக்கிறார்கள். பன்னாட்டு மலையேற்றக் கூட்டமைப்பான யுஐஏஏ 2002இல் எச்சரித்தது: சோதனைகளில், குறியிட்ட இடத்தில் கயிற்றின் தாங்குதிறன் பாதி வரை குறைந்திருந்தது. கயிறு செய்தவர் அனுமதித்த மையைத் தவிர வேறெதுவும் அதன் மேல் படக் கூடாது.

ஆக, பிசிறு மட்டும் என்றால் ஏறலாம். முண்டோ கொழகொழப்போ விரலில் பட்டால், கட்டிப் பார்க்காமல், விழுந்து பார்க்காமல், பட்டையோடும் ரசீதோடும் திருப்பிக் கொடுக்க வேண்டும். படம் எடுத்து, தொகுதி எண்ணுடன் தயாரிப்பாளருக்கும் எழுதலாம்; அதே தொகுதியில் வேறு யாருக்காவது இதே குறை வந்திருக்கக் கூடும். குறை முனைக்குப் பக்கத்தில்தானே இருக்கிறது, வெட்டிவிட்டால் போச்சு என்று சிலர் நினைப்பார்கள். தேய்ந்த பழைய கயிற்றில் அப்படிச் செய்வது வழக்கம்தான். புதுக் கயிற்றில் 2 மீட்டரை ஒரு பக்கம் வெட்டினால், ஆலையில் போட்ட நடுக்குறி அதன்பின் நடுவில் இராது. அந்தக் குறியை நம்பிக் கயிற்றை இரட்டையாகப் போட்டு இறங்குகிறவருக்கு ஒரு பக்கம் 30 மீட்டர், மறுபக்கம் 28. இரண்டு முனையிலும் தடுப்பு முடிச்சு போடாவிட்டால், குட்டையான முனை அவர் கைக்குள்ளிருந்து நழுவிப் போகும்போது தரை இன்னும் கீழேதான் இருக்கும்.