எந்தச் சுற்றில் ஒளிர்ந்தது?

மனித உடலின் ஏறக்குறைய எல்லா உயிரணுக்களிலும் ஒரே மரபணுத் தொகுதிதான் இருக்கிறது. இன்சுலின் செய்வதற்கான மரபணு தோலின் உயிரணுவிலும் உண்டு. ஆயினும், தோல் இன்சுலினைச் சுரப்பதில்லை. கணையத்தில் உள்ள குறிப்பிட்ட சில உயிரணுக்களே சுரக்கின்றன. அந்த மரபணு தோலில் உறங்குகிறது, கணையத்தில் விழித்திருக்கிறது. இவ்வாறு ஒரு மரபணு விழித்துச் செயல்படுவதையே மரபணு வெளிப்பாடு என்பர்.

ஒரு மரபணு எந்த அளவுக்கு விழித்திருக்கிறது என்பதை எப்படி அறிவது? டி.என்.ஏவை, நூலகத்தை விட்டு வெளியே எடுத்துச் செல்லக்கூடாத ஒரு நூலாகக் கருதலாம். வேண்டிய பக்கம் மட்டும் நகலெடுக்கப்பட்டு, புரதம் தயாராகும் இடத்திற்கு அனுப்பப்படுகிறது. அந்த நகலே தூது ஆர்.என்.ஏ. நகல்கள் மிகுந்திருந்தால் மரபணு சுறுசுறுப்பாக இயங்குகிறது என்று பொருள். ஆகவே, நகல்களை எண்ணினால் போதும். சொல்வதற்கு இது எளிது. ஆனால், ஓர் உயிரணுவில் ஒரு மரபணுவுக்கு விரல்விட்டு எண்ணக்கூடிய நகல்களே இருக்கலாம். அவையும் எளிதில் சிதைபவை. ஆய்வாளரின் விரல் நுனியில் உள்ள நொதி பட்டாலே அழிந்துவிடும்.

இந்தத் தடையைத் தாண்ட இரண்டு கண்டுபிடிப்புகள் உதவின. 1970ஆம் ஆண்டில் ஹோவர்ட் டெமின், டேவிட் பால்டிமோர் ஆகிய இரு அமெரிக்க அறிவியலாளர்கள், ஆர்.என்.ஏவைப் படித்து டி.என்.ஏவாக எழுதும் நொதியைத் தனித்தனியே கண்டறிந்தனர். சிதையும் நகலை உறுதியான டி.என்.ஏவாக மாற்ற இதனால் வழி பிறந்தது. 1983இல் கேரி மல்லிஸ், டி.என்.ஏவின் ஒரு துண்டை மட்டும் பெருக்கும் பி.சி.ஆர் முறையை உருவாக்கினார். இதற்காக 1993இல் அவருக்கு வேதியியலுக்கான நோபல் பரிசு கிடைத்தது.

பி.சி.ஆர் முறையின் அடிப்படை, சூடாக்குவதும் ஆற்றுவதும்தான். சுமார் 95 பாகை செல்சியஸ் வெப்பத்தில் டி.என்.ஏவின் இரு இழைகளும் பிரிகின்றன. வெப்பம் தணிந்ததும், வேண்டிய பகுதியின் இரு முனைகளிலும் சிறு தொடக்க இழைகள் ஒட்டிக்கொள்கின்றன. அங்கிருந்து ஒரு நொதி புதிய இழையை வளர்க்கிறது. கொதிநிலையை நெருங்கும் வெப்பத்தில் சாதாரண நொதி கெட்டுவிடும் அல்லவா? அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் வெந்நீரூற்றில் வாழும் ஒரு பாக்டீரியாவின் நொதி அதைத் தாங்கியது. ஒவ்வொரு சுற்றிலும் டி.என்.ஏ இரட்டிப்பாகிறது. 10 சுற்றுகளில் ஒன்று 1,024 ஆகும். 30 சுற்றுகளில் ஒரு பில்லியனைத் தாண்டும்.

இங்கேதான் ஒரு சிக்கல் எழுந்தது. இரண்டு குளங்களில் ஆகாயத்தாமரை நாள்தோறும் இரு மடங்காகப் பெருகுவதாக வைத்துக்கொண்டால், ஒன்றில் ஒரு செடியும் மற்றொன்றில் எட்டுச் செடிகளும் தொடக்கத்தில் இருந்தாலும், சில வாரங்களில் இரண்டுமே முழுவதும் மூடிக்கிடக்கும். அப்போது வந்து பார்ப்பவருக்கு வேறுபாடு தெரியாது. நாள்தோறும் குளக்கரையில் நின்றவருக்கே, எட்டுச் செடிகள் இருந்த குளம் மூன்று நாள் முன்னதாகப் பாதியளவு மூடியது தெரியும்.

1990களில் வந்த நிகழ்நேர பி.சி.ஆர் கருவி குளக்கரையில் நிற்பவரைப் போன்றது. டி.என்.ஏ பெருகப் பெருக ஒளிரும் சாயம் கலவையில் சேர்க்கப்படுகிறது. ஒளி எந்தச் சுற்றில் ஒரு குறிப்பிட்ட எல்லைக்கோட்டைத் தாண்டுகிறது என்பதைக் கருவி குறித்துக்கொள்கிறது. 22ஆம் சுற்றில் தாண்டிய மாதிரியில், 25ஆம் சுற்றில் தாண்டியதைவிட ஏறத்தாழ எட்டு மடங்கு நகல்கள் இருந்திருக்கும். கோவிட்-19 பெருந்தொற்றின்போது மூக்கிலிருந்து எடுக்கப்பட்ட மாதிரிகளும் இம்முறையில்தான் சோதிக்கப்பட்டன. ஒப்பிடும் இரு மாதிரிகளிலும் எடுத்த திசுவின் அளவு வேறுபடலாம் என்பதால், பெரிதாக ஏறி இறங்காத மற்றொரு மரபணுவையும் உடன் அளந்து கணக்கை நேர்செய்வர்.

ஒரு மூலக்கூற்றையும் பில்லியனாக்கும் கருவி, தவறுதலாக உள்ளே நுழைந்த ஒரு துளியையும் அப்படியே பெருக்கிக் காட்டும். அதன் விளைவு எவ்வளவு தூரம் செல்லும் என்பதைத் தட்டம்மை தொடர்பான ஒரு வழக்கு உணர்த்தியது. தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ரூபெல்லா ஆகிய மூன்றுக்குமான தடுப்பூசியால் ஆட்டிசம் வருகிறது என்ற தவறான கருத்து 1998க்குப் பின் பிரிட்டனில் பரவியது. பெற்றோர் பலர் அஞ்சித் தடுப்பூசியைத் தவிர்த்தனர். ஆட்டிசம் உள்ள குழந்தைகளின் குடலில் தட்டம்மைக் கிருமி இருப்பதாக ஓர் ஆய்வுக்கூடம் பி.சி.ஆர் வழியாகக் கூறியது, அந்த அச்சத்திற்கு வலுவூட்டியது. அமெரிக்காவில் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் இழப்பீடு கோரின.

2007இல் நடந்த விசாரணையில், லண்டன் பேராசிரியர் ஸ்டீபன் பஸ்டின் அந்த ஆய்வுக்கூடத்தின் பதிவுகளை ஆராய்ந்து சாட்சியம் அளித்தார். தட்டம்மைக் கிருமியின் மரபுப்பொருள் ஆர்.என்.ஏ மட்டுமே. அதை டி.என்.ஏவாக மாற்றாவிட்டால் பி.சி.ஆர் எதையும் பெருக்க முடியாது. ஆனால், மாற்றும் படியே விடுபட்டிருந்த சோதனையிலும் கருவி ஒளிர்ந்திருந்தது! அப்படியானால் பெருகியது கிருமியன்று. ஆய்வுக்கூடத்தில் கலந்துவிட்ட டி.என்.ஏ மாசே. கோடிக்கணக்கில் பெருக்கவல்ல கருவியின் பிழையை வெளிக்காட்டியது, விடுபட்டுப்போன ஒரு படிதான். 2008இல் மூன்று ஆய்வுக்கூடங்கள், மாதிரி யாருடையது என்று அறியாமலேயே சோதித்தபோதும் தடுப்பூசிக்கும் ஆட்டிசத்துக்கும் தொடர்பு காணப்படவில்லை. 2009இல் நீதிமன்றம் அந்தக் கோரிக்கைகளை நிராகரித்தது.

அதே ஆண்டில் பஸ்டினும் பிற அறிவியலாளர்களும், இத்தகைய ஆய்வை வெளியிடுவோர் கட்டாயம் தெரிவிக்க வேண்டியவற்றைத் தொகுத்து நெறிமுறையாக வெளியிட்டனர். ஆர்.என்.ஏ எவ்வளவு தூய்மையாக இருந்தது, ஒப்பீட்டுக்கு எந்த மரபணு தேர்ந்தெடுக்கப்பட்டது என்பன போன்ற விவரங்கள் அதில் அடங்கும். இன்று ஆய்வுக்கூடத் தட்டின் 96 குழிகளில் சிலவற்றில் மாதிரிக்குப் பதிலாக வெறும் நீர் விடப்படுகிறது. வேறு சிலவற்றில் ஆர்.என்.ஏவை மாற்றும் நொதி வேண்டுமென்றே சேர்க்கப்படுவதில்லை. கருவி ஓடி முடிந்ததும் ஆய்வாளர் முதலில் பார்ப்பது அந்தக் குழிகளைத்தான். அவை ஒளிர்ந்திருந்தால், மற்றக் குழிகளின் எண்களை ஒதுக்கிவிட்டு மறுபடியும் தொடங்குவார்.