பாமினியில் அடித்த அம்மா

ராயப்பன்பட்டியிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். அவருடைய அப்பா எழுதிய ஊர் வரலாற்றை 2001 வாக்கில் டி.டி.பி. கடையில் அடித்து சி.டி.யில் வைத்திருந்தார்களாம். இப்போது திறந்தால் ஒரே ஆங்கில எழுத்துக் குப்பை. "வைரஸா?" என்று கேட்கிறார்.

வைரஸ் இல்லை அம்மா, எழுத்துரு இல்லாத குறை. உலக மொழிகளுக்கான பொதுக் குறியீடான யூனிகோடில் தமிழுக்கு 1991-லேயே இடம் கிடைத்துவிட்டது. ஆனால் டி.டி.பி. கடைகளில் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் உருவங்களை ஒட்டிவைத்துத்தான் வேலை நடந்தது. பாமினி என்ற அப்படிப்பட்ட எழுத்துருவில் 'அம்மா' என்று அடித்தால் கோப்பில் பதிவாவது எம், கே, அரைப்புள்ளி, கே, எச். எழுத்துரு திராட்சைப் பந்தல் மாதிரி; அதைப் பிரித்துவிட்டால் கொடி உயிரோடுதான் இருக்கும், தரையில் கிடக்கும். பந்தலும் ஊருக்கொன்று. 1999-இல் தமிழக அரசு டாம், டாப் என்று குறியீட்டுத் தரம் வகுத்தது. இணையத்தில் டிஸ்கி என்ற இன்னொரு குறியீடு பரவியது. கடைக்காரர்கள் தங்கள் பழக்கத்தை விடவில்லை.

யூனிகோடுக்கு மாற்றிக்கொள்ளலாம். மாற்றிகள் இலவசமாகவே கிடைக்கின்றன. அங்கேதான் எனக்குப் பிடித்த வேடிக்கை. 'கெ' என்றால் பாமினியில் கையால் எழுதும் வரிசைப்படி கொம்பு முதலில், 'க' பிறகு. யூனிகோடில் 'க' முதலில், கொம்பு பின்னால். இதை எந்த மாற்றியும் சமாளித்துவிடும். 'கௌ' வந்தால்தான் திணறும். அதன் பின்பாதிக்கும் 'ள'வுக்கும் பாமினியில் ஒரே விசை. கொம்பு, க, ள என்று வந்தால் அது கௌரவமா, கெளுத்தியா? ஒரு மாற்றி கௌரவத்தைக் 'கெளரவம்' ஆக்கும். இன்னொன்று தெளிவைத் 'தௌிவு' ஆக்கும். கண்ணுக்கு ஏறக்குறைய ஒன்றுதான், தேடினால் அகப்படாது.

தமிழ் நூல்களை இணையத்தில் சேர்க்க 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம், டிஸ்கியில் ஏற்றிய நூல்களைப் பின்னர் யூனிகோடுக்குக் கொண்டுவந்தது. அந்தப் பொறுமை நமக்கு இல்லை. டி.டி.பி. கடைகளின் பேஜ்மேக்கர் மென்பொருளுக்குக் கடைசிப் பெரும் பதிப்பு வந்தது 2001-இல். கடையை மூடியதும் அந்தக் கணினி எடைக்குப் போகிறது, எழுத்துருவும் கூடவே. கோப்பை மட்டும் பீரோவில் பூட்டி வைக்கிறோம். பிரான்சிலோ 2016 முதல் 'சாஃப்ட்வேர் ஹெரிடேஜ்' என்று மூலநிரல்களுக்கே ஒரு காப்பகம் நடத்துகிறார்கள்.

உங்கள் சி.டி.யை முதலில் இரண்டு இடத்தில் நகலெடுங்கள். பாமினி எழுத்துருக் கோப்பையும் கூடவே வையுங்கள். மாற்றிய பின் 'ள', 'ௌ' வரும் சொற்களை மட்டும் ஒவ்வொன்றாகப் பாருங்கள். வேறு எவரையும்விட அப்பாவின் சொற்கள் உங்களுக்குத்தான் தெரியும்.