தலைக்கு 5,999 ரூபாய்: கம்பம் திராட்சைத் தோட்ட குரூப் டூர்ல உங்க பணம் எங்க போகுது?

ஆபீஸ் வாட்ஸ்அப் குரூப்ல திடீர்னு ஒருத்தர் ஒரு போஸ்டர் போடுவாங்க. பச்சைப் பந்தல், அதுல தொங்குற கறுப்புத் திராட்சைக் குலை, கீழ பெரிய எழுத்துல "கம்பம் - குமுளி, திராட்சைத் தோட்டம், ஏலக்காய்த் தோட்டம், 2 நாள், தலைக்கு 5,999 மட்டும்". அஞ்சு நிமிஷத்துல பத்து பேர் கை தூக்கிடுவாங்க. அப்புறம் ஒரு கேள்வி வரும்: "எதுக்கு ஏஜென்ட்? நாமளே பண்ணா கம்மியாகுமே, யாரு கோஆர்டினேட் பண்றது?" அங்க "நான் பண்றேன்"னு சொல்ற ஆள் நீங்களா இருந்தா, இந்தப் பதிவு உங்களுக்குத்தான்.

நானும் ஒரு தடவை அப்படிச் சொல்லி மாட்டினவன். கடைசி நேரத்துல மூணு பேர் கழண்டுக்கிட்டாங்க. நட்பு கெடக்கூடாதுன்னு அவங்க பணத்தை முழுசா திருப்பிக் கொடுத்தேன். அந்த மாசம் என் சேமிப்புக்குப் போக வேண்டிய எட்டாயிரத்துச் சொச்சம் போச்சு. தப்பு அவங்க மேல இல்ல. கணக்கு புரியாம வசூல் பண்ணது என் தப்பு. அந்தக் கணக்கை இப்போ பிரிச்சுப் பார்ப்போம்.

5,999-ஐ உடைச்சுப் பார்த்தா

சென்னையில வெள்ளி ராத்திரி ரயில் ஏறி, சனி காலையில மதுரையில இறங்கி, அங்கிருந்து 12 சீட் டெம்போ டிராவலர்ல தேனி வழியா கம்பம். மதுரையிலிருந்து மூணு மணி நேரம் வச்சுக்கங்க. சனி முழுக்கத் திராட்சைத் தோட்டம், சுருளி அருவி. ராத்திரி தங்கல். ஞாயிறு குமுளியில ஸ்பைஸ் கார்டன், திரும்பி வர்ற வழியில லோயர் கேம்ப்ல பென்னிகுவிக் மணிமண்டபம், மறுபடி மதுரை, ரயில். பெரும்பாலான பேக்கேஜ் இதுதான். ரயில் டிக்கெட் அதுல சேராது, அதைத் தனியா வச்சுக்கங்க.

இப்போ 12 பேருக்கு ஒரு மாதிரிக் கணக்கு. இதெல்லாம் நான் உதாரணத்துக்குப் போட்ட தொகைகள், நீங்க போற சீசனுக்கு ஏத்த மாதிரி மாத்திக்கங்க. வேன் ரெண்டு நாளைக்கு 18,000. உள்ளூர்ல கூட வர்ற கைடுக்கு 4,000. ரெண்டு பேருக்கு ஒரு ரூம்னு 6 ரூம், ஒண்ணு 2,400, ஆக 14,400. சாப்பாடு தலைக்கு ரெண்டு நாளைக்கு 1,200. நுழைவுச் சீட்டு, சில்லறைச் செலவு தலைக்கு 400. மொத்தம் கூட்டினா 55,600. பன்னெண்டால வகுத்தா தலைக்கு 4,633.

பேக்கேஜ் விலை 5,999. அப்போ தலைக்கு 1,366 ரூபாய், 12 பேருக்குச் சுமார் 16,400 ரூபாய் டூர் கம்பெனிக்கு. இதைப் பார்த்ததும் "கொள்ளை"ன்னு தோணும். எனக்கு அப்படித் தோணல. ரூம் கன்ஃபார்ம் பண்றது, வேன் பஞ்சர் ஆனா மாத்து வண்டி பிடிக்கிறது, நாலு பேருக்கு வெஜ் சாப்பாடு சொல்றது எல்லாத்துக்கும் ஆள் வேணும். அதுவுமில்லாம, ஆள் குறைஞ்சா நஷ்டம் அவங்களோடது. அந்த 1,366-ல பாதி உழைப்புக்குக் கூலி, பாதி ரிஸ்க்குக்கு விலைன்னு வச்சுக்கலாம். நீங்களே பண்ணும்போது கூலியை மிச்சம் பிடிக்கிறீங்க, ஆனா ரிஸ்க்கும் உங்க தலைக்கு வந்துடுது. முக்கால்வாசி பேர் மறக்கிறது இந்த ரெண்டாவது பாதியைத்தான்.

இன்னொரு விஷயம், 5,999-னு போட்டிருந்தா ஜிஎஸ்டி சேர்த்தா, சேர்க்காமலான்னு கேளுங்க. டூர் ஆபரேட்டர் சேவைக்கு 5 சதவீதம். சேர்க்கலைன்னா தலைக்கு 6,299 ஆயிடும்.

நீங்க வரலைன்னாலும் வேன் ஓடும்

செலவை ரெண்டாப் பிரிங்க. ஆள் வந்தாலும் வராட்டியும் கொடுத்தே ஆகவேண்டியது ஒண்ணு: வேன், கைடு, கேன்சல் பண்ணா காசு திரும்பாத ரூம். ஆள் வந்தா மட்டும் ஆகுற செலவு இன்னொண்ணு: சாப்பாடு, நுழைவுச் சீட்டு. நம்ம கணக்குல முதல் வகை 36,400, அதாவது தலைக்கு 3,033. ரெண்டாவது வகை தலைக்கு 1,600.

வியாழக்கிழமை மூணு பேர் வரலைன்னு சொல்றாங்க. மிச்சம் 9 பேர். மொத்தச் செலவு இப்போ 50,800. ஒன்பதால வகுத்தா 5,644. அதாவது வர்றவங்க ஒவ்வொருத்தரும் ஆயிரத்துப் பதினோரு ரூபாய் கூடக் கொடுக்கணும். வண்டி ஏறுற அன்னிக்கு அதைக் கேட்க உங்களுக்கு வாய் வராது. வராத மூணு பேர்கிட்டயும் "பணம் தர முடியாது"ன்னு சொல்ல மனசு வராது. அப்போ அந்த 9,100 ரூபாய் யார் பையிலிருந்து போகும்? கோஆர்டினேட்டர் பையிலிருந்துதான். என் எட்டாயிரம் போன கதை இதேதான்.

இதுக்கு வழி ரொம்ப எளிது, ஆனா முதல் ரூபாய் வாங்குறதுக்கு முன்னாடியே சொல்லிடணும். வசூலை ரெண்டு தவணையாப் பண்ணுங்க. முதல் தவணை 3,100: "இது வேனுக்கும் ரூமுக்கும் போயிடும், வரலைன்னா திரும்பாது. உங்க இடத்துக்கு வேற ஆளைக் கூட்டிட்டு வந்தா அவங்ககிட்ட வாங்கிக்கங்க." ரெண்டாவது தவணை 1,600: கிளம்புறதுக்கு ரெண்டு நாள் முன்னாடி. இதை குரூப்ல எழுத்தா போட்டு, ஒவ்வொருத்தரும் "ஓகே" போட்ட பிறகுதான் யுபிஐ நம்பரை அனுப்பணும். கறாரா இருக்கேன்னு நினைப்பாங்க. பரவாயில்ல. சும்மா கை தூக்கினவங்க அங்கயே விலகிடுவாங்க, அதுவும் நல்லதுதான்.

அதே மாதிரி ஆள் கூடுறதும் எப்பவும் லாபம் இல்ல. 12 பேர் வரைக்கும் ஒரே வண்டி. பதிமூணாவது ஆள் வந்தா பெரிய வண்டி, ஏழாவது ரூம். அந்த ஒருத்தருக்காக எல்லாரோட பங்கும் ஏறும். "என் ரூம்மேட்டும் வரலாமா?"ன்னு யாராவது கேட்டா, கணக்கு போட்டுப் பார்த்துட்டு பதில் சொல்லுங்க.

வேன்காரர்கிட்ட கேட்க வேண்டியது

கிலோமீட்டர் ரேட்டை மட்டும் கேட்டுட்டு வச்சுடாதீங்க. ஒரு நாளைக்குக் குறைஞ்சபட்சம் எத்தனை கிலோமீட்டர், ஷெட் டு ஷெட் கணக்கா, டிரைவர் பேட்டா எவ்வளவு, டோல் யாருது, டிரைவர் எங்க தூங்குவார், இத்தனையும் கேட்டு மெசேஜ்ல வாங்கிக்கங்க. முக்கியமானது பர்மிட். குமுளி கேரளா. தமிழ்நாட்டு வண்டி எல்லை தாண்டினா பர்மிட் செலவு வரலாம், அது சொன்ன ரேட்டுல சேர்ந்திருக்கான்னு கேட்கணும். பட்ஜெட் இறுக்கம்னா கம்பத்துலயே தங்குங்க. குமுளி ஊரு செக்போஸ்ட்டை ஒட்டித்தான் இருக்கு. எல்லையில வண்டியை நிறுத்திட்டு நடந்து தாண்டி, அந்தப் பக்கம் ஆட்டோ பிடிச்சு ஸ்பைஸ் கார்டன் போயிட்டு வரலாம்.

தோட்டத்துல என்ன பார்க்கப் போறீங்க

காசு கொடுத்துப் போறது ஒரு செல்ஃபிக்கு மட்டும் இல்லையே. கம்பம் பள்ளத்தாக்குல சுருளிப்பட்டி, காமயகவுண்டன்பட்டி, ராயப்பன்பட்டி பக்கமெல்லாம் பன்னீர் திராட்சைதான். 2023-ல இதுக்குப் புவிசார் குறியீடு கிடைச்சுது. முல்லைப் பெரியாறு தண்ணி பாயுற பூமி. கவாத்து பண்ணதிலிருந்து ஏறக்குறைய நாலு மாசத்துல பழம் வந்துடும். ஒவ்வொரு விவசாயியும் ஒவ்வொரு நேரத்துல கவாத்து பண்றதால வருஷம் முழுக்க ஏதாவது ஒரு பந்தல்ல பழம் இருக்கும். அதனால "சீசன் ரேட்"னு கூடக் கேட்டா அது ரூமுக்கும் வண்டிக்கும் பொருந்தலாம், திராட்சைக்குப் பொருந்தாது.

விவசாயியோட பத்து நிமிஷம் பேசிப் பாருங்க. பழம் பழுக்கிற நேரத்துல நல்ல மழை பெஞ்சா தோல் வெடிச்சு, குலை அழுகிடும். நாலு மாசம் போட்ட காசு ஒரு வாரத்துல போகும். மாசம் பொறந்தா சம்பளம் வர்ற நமக்கு அந்த வரவு செலவு வேற உலகம். மருந்து அடிச்சு எத்தனை நாள் ஆச்சுன்னு கேட்காம பந்தல்ல பறிச்சு வாயில போட்டுக்காதீங்க. நாசிக் மாதிரி வைன் டேஸ்டிங், மர பெஞ்ச், கிளாஸ் எல்லாம் எதிர்பார்த்துப் போனா ஏமாந்துடுவீங்க. இங்க சாலையோரத் தோட்டத்துல கிடைக்கிறது திராட்சை ஜூஸ், உலர் திராட்சை. எனக்கு அதுவே போதும்.

பட்ஜெட் ஓட்டை எங்க இருக்குன்னா

ஸ்பைஸ் கார்டன்ல டிக்கெட் வாங்கினா கைடு ஒருத்தர் கூட்டிட்டுப் போவார். ஏலக்காய், மிளகு, ஜாதிக்காய், கோகோ, வெனிலா எல்லாம் காட்டுவார். கடைசியா நீங்க வந்து நிக்கிற இடம் கடை. அங்க ஒருத்தர் ஆயிரம், ரெண்டாயிரம்னு வாங்குவாங்க, அதைப் பார்த்து மத்தவங்களும் வாங்குவாங்க. 4,633-க்கு அவ்வளவு யோசிச்ச ஆள் இங்க யோசிக்கிறதே இல்ல. "தோட்டத்துல நேரடியா வாங்குறோம், கம்மியாத்தான் இருக்கும்"னு ஒரு நினைப்பு. வண்டி வந்து நிக்கிற கடைன்னா வண்டி கூட்டிட்டு வர்றவருக்குக் கமிஷன் இருக்கலாம், அது உங்க பில்லுலதான் இருக்கும்.

ஏலக்காய் ஏன் விலை அதிகம்னு தெரிஞ்சா நியாய விலை எதுன்னும் தெரியும். காய் செடியோட அடியில, தரையை ஒட்டிக் காய்க்குது. ஒவ்வொண்ணா கையால பறிக்கணும். ஏறக்குறைய அஞ்சு கிலோ பச்சைக் காயை உலர வச்சா ஒரு கிலோதான் தேறும். அப்புறம் சலிச்சு அளவு பிரிப்பாங்க. 8 மில்லிமீட்டருக்கு மேல இருக்கிற காய்க்கு விலை கூட. இந்த ஏலக்காய்க்கு போடிநாயக்கனூர்லயும், எல்லைக்கு அந்தப் பக்கம் புற்றடியிலயும் ஸ்பைசஸ் போர்டோட மின்னணு ஏலம் நடக்குது. ஏல நாள்ல சராசரி விலை, அதிகபட்ச விலை ரெண்டும் போர்டு இணையதளத்துல வரும். கிளம்புறதுக்கு முன்னாடி அதை ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கங்க. அது மொத்த விலை. கடையில பேக்கிங், வரி, லாபம்னு கொஞ்சம் ஏறும், அது நியாயம். ரெண்டு மடங்கு சொன்னா சிரிச்சுட்டு வெளிய வந்துடுங்க. பச்சை நிறம் மங்கி, வாய் பிளந்த காய் பழைய சரக்கு. பாக்கெட்ல எஃப்எஸ்எஸ்ஏஐ எண்ணும் பேக் பண்ண தேதியும் இருக்கான்னு பாருங்க.

என் வழக்கம், ஷாப்பிங்குக்குன்னு 700 ரூபாய் தனியா ஒரு கவர்ல போட்டுட்டுப் போறது. கவர் காலியானா கடை மூடியாச்சு.

மொத்தத்தையும் உங்க கார்டுல தேய்க்கலாமா?

ரிவார்ட் பாயின்ட் ஆசையில நிறையப் பேர் இதைப் பண்றாங்க. பில் தேதிக்குள்ள எல்லார் பங்கும் உங்க கைக்கு வந்து, முழுத் தொகையையும் கட்டிட்டா பிரச்சினை இல்ல. ஆனா "அடுத்த சம்பளத்துல தர்றேன்"னு நாலு பேர் சொல்லி, நீங்க மினிமம் டியூ மட்டும் கட்டினீங்கன்னா, 50,800-க்கு மாசம் 3.5 சதவீதம்னு வச்சாலும் ஏறக்குறைய 1,778 வட்டி. அதுக்கு மேல 18 சதவீதம் ஜிஎஸ்டி. கிட்டத்தட்ட 2,100 ரூபாய். அதோட நிக்காது, பாக்கி இருக்கிற வரைக்கும் புதுசா தேய்க்கிற மளிகை, பெட்ரோலுக்கும் வட்டியில்லா நாள் கிடையாது. முன்கூட்டியே வசூலிச்ச காசுல மட்டும் செலவு பண்ணுங்க. நண்பர்கள் அனுப்புற பங்கு உங்க வருமானம் இல்ல, இருந்தாலும் யார் எவ்வளவு, எதுக்குன்னு யுபிஐ குறிப்புல எழுதச் சொல்லுங்க.

எல்டிஏ கிளெய்ம் பண்ணலாமான்னு போன வீடியோ கமென்ட்ல கேட்டிருந்தீங்க. பழைய வரி முறையில இருந்தா மட்டும்தான், அதுவும் பயணக் கட்டணத்துக்கு மட்டும். ரூம், சாப்பாடு, ஸ்பைஸ் கார்டன் எதுவும் சேராது. லீவ் போட்டிருக்கணும், சனி ஞாயிறுல போயிட்டு வந்தா ஹெச்ஆர் ஏத்துக்க மாட்டாங்க. புது வரி முறையில இருந்தா அந்தப் பேச்சே இல்ல.

ஒரே ஒரு சின்ன விஷயம், திராட்சையைச் சனிக்கிழமையே வாங்கிடாதீங்க. பன்னீர் திராட்சை சீக்கிரம் கெட்டுப்போற பழம். ஞாயிறு திரும்புற வழியில கடைசியா வாங்கி, பிளாஸ்டிக் கவர்ல கட்டாம அட்டைப் பெட்டியில வச்சு எடுத்துட்டு வாங்க. இந்தக் கணக்கோட ஷீட் வீடியோ டிஸ்கிரிப்ஷன்ல இருக்கு; ஆள் எண்ணிக்கைக் கட்டத்துல 12-ஐ 9-னு மாத்திப் பார்த்துட்டு, அப்புறம் குரூப்ல "நான் பண்றேன்"னு டைப் பண்ணுங்க.