சேற்றில் இருக்கிறது, சோதனையில் சிக்குவதில்லை

மெலியாய்டோசிஸ், வெப்பமண்டல மண்ணிலும் தேங்கிய நீரிலும் வாழும் 'பர்கோல்டேரியா சூடோமலை' என்ற பாக்டீரியாவால் வரும் தொற்று. 1911-ல் ரங்கூனில் பிணப்பரிசோதனை செய்துகொண்டிருந்த ஆல்ஃபிரட் விட்மோரும் அவருடைய உதவியாளர் சி.எஸ்.கிருஷ்ணசாமியும் இதை முதலில் கண்டறிந்தார்கள். இறந்தவர்களில் பலர் மார்ஃபின் ஊசிக்கு அடிமையானவர்கள். உள்ளுறுப்புகளெல்லாம் சீழ் கட்டியிருந்தன. குதிரைகளுக்கு வரும் கிளாண்டர்ஸ் நோயைப் போலவே தோன்றினாலும், இந்தக் கிருமி வேகமாக வளர்ந்தது, நகரவும் செய்தது. புதிய நோய் என்று 1912-ல் அறிவித்தார்கள். மெலியாய்டோசிஸ் என்ற பெயரை 1921-ல் சூட்டியவர்கள் மலாயாவில் பணியாற்றிய ஸ்டான்டனும் ஃப்ளெட்சரும்.

வெறுங்காலுடன் சேற்றில் இறங்குபவரின் கால் வெடிப்பு போதும், கிருமி உள்ளே போய்விடும். சுத்திகரிக்காத நீரைக் குடித்தாலும், புயல் மழையின்போது காற்றில் கலக்கும் நுண்துளிகளைச் சுவாசித்தாலும் தொற்றலாம். மழைக்காலத்தில் நோயாளிகள் பெருகுவது இதனால்தான். பாதிக்கப்படுவோரில் ஏறக்குறைய பாதிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருக்கும். நோய் ஒரே முகத்துடன் வருவதில்லை: நிமோனியாவாக, ஈரலிலோ மண்ணீரலிலோ சீழ்க்கட்டியாக, மாதக்கணக்கில் இருமலும் எடைக்குறைவுமாக. கடைசி வகையைக் காசநோய் என்று கருதி, அதற்கான மாத்திரைகளைக் கொடுத்துவிடுவது இந்தியாவில் இன்றும் நடக்கிறது.

2016-ல் வெளியான ஒரு மதிப்பீடு, உலகில் ஆண்டுக்கு 1,65,000 பேருக்கு இந்நோய் வருவதாகவும் 89,000 பேர் இறப்பதாகவும் கணக்கிட்டது. தெற்காசியாவுக்கு அதில் பெரும்பங்கு. ஆனால் இங்கே பதிவாகும் எண்ணிக்கை மிகச் சொற்பம். வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள் இந்த இடைவெளியை 1990-களிலேயே சுட்டிக்காட்டினார்கள். நோய் அரிது என்பதைவிட, தேடப்படவில்லை என்பதே சரி.

தேடுவதற்குப் பெரிய கருவிகள் வேண்டியதில்லை. ரத்தம், சீழ், சளி, சிறுநீர், தொண்டைத் துடைப்பு ஆகியவற்றைக் கல்ச்சருக்கு அனுப்ப வேண்டும். மைக்ராஸ்கோப்பில் இது இரு முனைகளும் அழுத்தமாகச் சாயமேறிய ஊக்குப் போலத் தெரியும். மற்ற கிருமிகளைப் பெருமளவு தடுக்கும் ஆஷ்டவுன் அகார் தட்டில் சளியை இட்டு நாலைந்து நாள் பொறுத்தால், ஊதா நிறத்தில் உலர்ந்து சுருங்கிய கிருமித் திட்டுகள் எழும். இரண்டாம் நாளே தட்டைத் தூக்கிப் போடும் ஆய்வகத்துக்கு அவை தெரியாமலே போகும். சாதாரண தட்டிலும் ஒரு தடயம் உண்டு: ஆக்சிடேஸ் சோதனையில் பாசிட்டிவ், ஜென்டாமைசினுக்கும் கொலிஸ்டினுக்கும் அடங்காது, அமாக்சிசிலின்-கிளாவுலனேட்டுக்கு அடங்கும். இந்த மூன்றும் சேர்ந்தால், சூடோமோனாஸ் என்னும் வேறு கிருமி என்றோ வெளிக்கலப்பு என்றோ ஒதுக்கக் கூடாது. தட்டை முகர்ந்து பார்க்கவும் கூடாது. மூச்சுவழியே ஆய்வகப் பணியாளருக்கும் தொற்றும். லேடெக்ஸ் சோதனையோ பிசிஆரோ இதை உறுதிசெய்யும். ரத்தத்தில் எதிர்ப்பொருள் தேடும் சோதனையை மட்டும் நம்ப முடியாது: நோய் பரவலாக உள்ள ஊர்களில் நலமாக இருப்பவர்களிடமும் அது பாசிட்டிவ் காட்டும்.

சரியான பெயர் தெரிந்தால்தான் சரியான மருந்து கிடைக்கும். செஃப்டாசிடைம் இறப்பைப் பாதியாகக் குறைத்ததைத் தாய்லாந்தில் நடந்த ஆய்வு 1989-ல் காட்டியது. அதையோ மெரோபெனெமையோ குறைந்தது 10 முதல் 14 நாள் ஊசிவழியே செலுத்தி, பிறகு மூன்று மாதமாவது கோட்ரைமாக்சசோல் மாத்திரை தர வேண்டும். காய்ச்சல் விட்டதும் மாத்திரையை நிறுத்திவிடுபவர்களிடம் நோய் திரும்பவும் தலைதூக்கும்.