உங்க பேர்ல வாரண்ட் இருக்கா? செல்போனிலேயே பார்ப்பது எப்படி?

பாஸ்போர்ட்டைப் புதுப்பிக்க விண்ணப்பித்த பிறகு, போலீஸ் வெரிஃபிகேஷனின்போதுதான் சிலருக்கு அந்த விஷயமே தெரிய வருகிறது: ஏதோ ஒரு ஊர் கோர்ட்டில் தன் பெயரில் பிடிவாரண்ட் நிலுவையில் இருக்கிறது.

இதற்குப் பெரிய குற்றம் செய்திருக்க வேண்டியதில்லை. பழைய லோனுக்குக் கொடுத்த செக் பவுன்ஸ் ஆகியிருக்கும். அதற்கு வந்த சம்மன், காலி செய்துவிட்டு வந்த வாடகை வீட்டுக்குப் போயிருக்கும். ஆள் ஆஜராகவில்லை என்று கோர்ட் வாரண்ட் பிறப்பித்திருக்கும். இன்னொரு பக்கம், இல்லாத வாரண்டை வாட்ஸ்அப்பில் அனுப்பி, ‘டிஜிட்டல் அரெஸ்ட்’ என்று மிரட்டிப் பணம் பறிக்கும் கும்பலும் இருக்கிறது.

இரண்டுக்குமே, கோர்ட் ரெக்கார்டை நீங்களே பார்க்கத் தெரிந்திருப்பது உதவும். கட்டணம் கிடையாது.

‘வாரண்ட் லிஸ்ட்’ என்று ஒன்று இருக்கா?

பெயரை டைப் செய்தால் ‘வாரண்ட் உண்டு / இல்லை’ என்று சொல்லும் பொது இணையதளம் இந்தியாவில் கிடையாது. அமெரிக்காவில் பல கவுன்ட்டி ஷெரிஃப் அலுவலகங்கள் அப்படியொரு பட்டியலை இணையத்தில் வைத்திருக்கின்றன. கூகுளில் தேடினால் அந்த ஊர் வழிமுறைகள்தான் முதலில் வந்து நிற்கும். அவை இங்கே பயன்படாது.

இங்கே தேட வேண்டியது வாரண்டை அல்ல, வழக்கை. வழக்கைக் கண்டுபிடித்துவிட்டால், அது எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்ற வரியிலேயே வாரண்ட் விவரம் தெரிந்துவிடும்.

படி 1: இ-கோர்ட்ஸ் தளத்தில் தேடுவது

மாவட்ட, தாலுகா அளவிலான கோர்ட் வழக்குகளைப் பார்க்க ‘இ-கோர்ட்ஸ் சர்வீசஸ்’ என்ற அரசு இணையதளமும் அதே பெயரில் மொபைல் ஆப்பும் இருக்கின்றன. லாகின் தேவையில்லை.

சம்மனிலோ வேறு கோர்ட் ஆவணத்திலோ சி.என்.ஆர். எண் இருந்தால் வேலை சுலபம். நாடு முழுக்க ஒவ்வொரு வழக்குக்கும் தனித்தனியாகத் தரப்படும் 16 இலக்க எண் இது. எழுத்தும் எண்ணும் கலந்திருக்கும். தமிழ்நாட்டு வழக்கு என்றால் ‘டி.என்.’ என்று தொடங்கும். கடைசி நான்கு இலக்கங்கள் ஆண்டைக் குறிக்கும். அதை அப்படியே டைப் செய்தால் மொத்த விவரமும் வந்துவிடும்.

எண் இல்லையென்றால், ‘கேஸ் ஸ்டேட்டஸ்’ பகுதிக்குப் போய் மாநிலம், மாவட்டம், கோர்ட் வளாகம் ஆகியவற்றைத் தேர்ந்தெடுங்கள். பிறகு ‘பார்ட்டி நேம்’ பகுதியில் பெயரையும் ஆண்டையும் கொடுங்கள். நிலுவையில் உள்ளவை, முடிந்தவை என இரண்டு வகையும் உண்டு. இரண்டையும் சேர்த்தே தேடுங்கள். எஃப்.ஐ.ஆர். எண் தெரிந்தால், காவல் நிலையத்தைத் தேர்ந்தெடுத்து அதை வைத்தும் தேடலாம்.

பலரும் சறுக்குவது இரண்டு இடங்களில்.

ஒன்று, ஸ்பெல்லிங். நம் பெயர்களை ஆங்கிலத்தில் ஒருவர் எழுதுவதுபோல் இன்னொருவர் எழுதுவதில்லை. ‘செந்தில்’ என்ற பெயரில் ஒருவர் ‘டி’ போடுவார், இன்னொருவர் ‘டிஹெச்’ போடுவார். இனிஷியல் முன்னால் வரும், பின்னால் வரும், சில நேரம் வரவே வராது. முழுப் பெயரைக் கொடுக்காமல், பெயரின் முதல் சில எழுத்துகளை மட்டும் கொடுத்துப் பாருங்கள்.

இரண்டு, ஊர். பெயர்த் தேடல் நீங்கள் தேர்ந்தெடுத்த கோர்ட் வளாகத்துக்குள் மட்டும்தான் தேடும். செக் பவுன்ஸ் வழக்கு பெரும்பாலும் உங்கள் ஊரில் இருக்காது. செக்கை வாங்கியவர் அதைத் தன் கணக்கில் போட்டிருந்தால், அவருடைய கணக்கு எந்த வங்கிக் கிளையில் இருக்கிறதோ, அந்தப் பகுதி கோர்ட்டில்தான் வழக்குத் தொடர முடியும். திருநெல்வேலிக்காரர் மீதான வழக்கு சென்னையில் இருக்கலாம். முன்பு வந்த வக்கீல் நோட்டீஸ் கையில் இருந்தால், அதிலுள்ள வங்கிக் கிளையின் பெயரைப் பாருங்கள். அங்கிருந்து தேடலைத் தொடங்கலாம்.

சென்னை உயர் நீதிமன்றம், மதுரைக் கிளை வழக்குகளுக்கு உயர் நீதிமன்றங்களுக்கான பகுதியில் தனியாகத் தேட வேண்டும். டிராஃபிக் அபராதம் கட்டாமல் விட்டு அது கோர்ட்டுக்குப் போயிருந்தால், ‘விர்ச்சுவல் கோர்ட்ஸ்’ தளத்தில் வாகன எண்ணையோ சலான் எண்ணையோ கொடுத்துப் பார்க்கலாம்.

படி 2: திரையில் வருவதைப் படிப்பது

வழக்கு எண்ணுக்கு முன்னால் சில எழுத்துகள் இருக்கும். ‘சி.சி.’ என்றால் மாஜிஸ்திரேட் கோர்ட்டில் நடக்கும் சாதாரண குற்ற வழக்கு. ‘எஸ்.டி.சி.’ என்றால் சுருக்கமான விசாரணைக்குரியது. செக் பவுன்ஸ் வழக்குகள் பலவும் இந்த வகையில் வரும். ‘எஸ்.சி.’ என்றால் செஷன்ஸ் கோர்ட் வழக்கு.

அதற்குக் கீழே ‘கேஸ் ஸ்டேஜ்’ என்ற வரியைப் பாருங்கள். அங்கே ‘சம்மன்’ என்று இருந்தால், நீங்கள் ஆஜராக அழைப்பு அனுப்பும் கட்டத்தில் வழக்கு இருக்கிறது. ‘பி.டபிள்யூ.’ என்றால் ஜாமீனில் விடக்கூடிய வாரண்ட். ‘என்.பி.டபிள்யூ.’ என்றால் ஜாமீனில் வெளிவர முடியாத பிடிவாரண்ட். வழக்கு வரலாற்றில் ஒவ்வொரு வாய்தா தேதியையும் தொட்டால், அன்று கோர்ட்டில் என்ன நடந்தது என்ற குறிப்பும் பல வழக்குகளில் கிடைக்கும்.

கோர்ட் நேராக என்.பி.டபிள்யூ.வில் இறங்குவது வழக்கமல்ல. முதலில் சம்மன், அப்புறம் ஜாமீனில் விடக்கூடிய வாரண்ட், அதற்கும் வராவிட்டால்தான் பிடிவாரண்ட் என்ற வரிசையை 2007-ல் இந்தர் மோகன் கோஸ்வாமி வழக்கில் உச்ச நீதிமன்றம் வலியுறுத்தியது. அதன் பிறகும் வராமல் இருந்தால், ‘தேடப்படும் நபர்’ என அறிவிப்பது, சொத்தை முடக்குவது வரை போகலாம்.

படி 3: எஃப்.ஐ.ஆர். பார்ப்பது

போலீஸ் பதிவு செய்த வழக்கு என்றால், குற்றப்பத்திரிகை தாக்கலாகும் வரை இ-கோர்ட்ஸில் எதுவும் தெரியாமல் போகலாம். அப்போது தமிழ்நாடு காவல்துறையின் இ-சேவைத் தளத்தில் மாவட்டம், காவல் நிலையம், ஆண்டு, எஃப்.ஐ.ஆர். எண் கொடுத்து நகலைப் பார்க்கலாம். புகார் கொடுத்து சி.எஸ்.ஆர். ரசீது வாங்கியவர்கள், அதன் நிலையையும் அங்கேயே பார்க்க முடியும்.

எஃப்.ஐ.ஆர். பதிவான 24 மணி நேரத்துக்குள் இணையத்தில் ஏற்ற வேண்டும் என்று 2016 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. பாலியல் குற்றங்கள், போக்சோ, தீவிரவாதம் போன்ற வழக்குகளுக்கு விலக்கு உண்டு. ஆகவே, தளத்தில் இல்லை என்பதாலேயே வழக்கு இல்லை என்று முடிவு செய்துவிடக் கூடாது. இணையத்தில் ஏற்றப்படாத எஃப்.ஐ.ஆரின் நகலைக் கேட்டு, சம்பந்தப்பட்டவர் விண்ணப்பிக்கலாம்.

செக் பவுன்ஸ் வழக்குக்கு எஃப்.ஐ.ஆரே இருக்காது. அது நேரடியாக மாஜிஸ்திரேட்டிடம் கொடுக்கப்படும் தனிநபர் புகார். அதனால், ‘ஸ்டேஷன்ல விசாரிச்சேன், ஒண்ணும் இல்லைன்னு சொல்லிட்டாங்க’ என்று நிம்மதியாக இருந்துவிட முடியாது.

பெயர் ஒத்துப்போனால் போதுமா?

போதாது. தமிழ்நாட்டில் ஒரே பெயர், ஒரே இனிஷியலோடு எத்தனையோ பேர் இருப்பார்கள். அப்பா பெயர், முகவரி, எதிர்த்தரப்பின் பெயர் ஆகியவற்றை ஒப்பிட்டுப் பார்த்த பிறகே முடிவுக்கு வர வேண்டும். மாப்பிள்ளை, வாடகைதாரர், பிசினஸ் பார்ட்னர் என்று அடுத்தவர் பெயரைத் தேடுபவர்கள் இதில் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். ஒருவர் மீது வழக்கு இருப்பது வேறு, அவர் குற்றவாளி என்று தீர்ப்பாவது வேறு.

தளத்தில் உள்ள தகவல் சில நேரம் பழையதாகவும் இருக்கும். ரத்தான வாரண்ட் அப்படியே காட்டலாம். புதிதாகப் பிறப்பித்தது ஏறாமல் இருக்கலாம். சம்பந்தப்பட்ட கோர்ட் அலுவலகத்தில் வக்கீல் மூலம் உறுதி செய்துகொள்வதும், உத்தரவின் சான்றிட்ட நகலுக்கு விண்ணப்பிப்பதும் நல்லது. போன் வழியாகத் தேடச் சிரமப்படுபவர்களுக்கு கோர்ட் வளாகங்களில் உள்ள இ-சேவா கேந்திராக்கள் உதவும்.

வாரண்ட் இருப்பது உறுதியானால்?

நாள் ஆனால் தானாகவே காலாவதியாகிவிடும் என்று காத்திருக்காதீர்கள். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் (பி.என்.எஸ்.எஸ்.) 72-வது பிரிவுப்படி, பிறப்பித்த கோர்ட் ரத்து செய்யும் வரை அல்லது நிறைவேற்றப்படும் வரை வாரண்ட் செல்லும். இந்தியாவில் எங்கே வைத்தும் கைது செய்யலாம். குற்ற வழக்கோ வாரண்டோ நிலுவையில் இருந்தால், பாஸ்போர்ட் சட்டம் 1967-ன் 6-வது பிரிவுப்படி விண்ணப்பம் நிராகரிக்கப்படவும் இடமுண்டு. ஆன்சைட் போகத் தயாராக இருப்பவர்களுக்கு இது நேரடியான சிக்கல்.

வழி இருக்கிறது. வக்கீல் மூலம் அதே கோர்ட்டில் வாரண்டைத் திரும்பப் பெறக் கோரி மனு போடலாம். கோர்ட் வட்டாரத்தில் இதை ‘ரீகால் பெட்டிஷன்’ என்பார்கள். பொதுவாக சம்பந்தப்பட்டவர் நேரில் ஆஜராக வேண்டியிருக்கும். சம்மன் கைக்கு வரவில்லை என்றால், அந்த நேரத்தில் வேறு முகவரியில் இருந்ததற்கான வாடகை ஒப்பந்தம், கேஸ் பில், ஆதார் போன்றவற்றை எடுத்துப் போங்கள். முடிவு நீதிபதியின் கையில். ஆனால், போலீஸ் பிடித்து வந்து நிறுத்துவதற்கும், தானாக வந்து நிற்பதற்கும் கோர்ட் பார்வையில் வித்தியாசம் உண்டு. அதன் பிறகு ஒரு வாய்தாவுக்கு வர முடியாவிட்டால், முன்கூட்டியே வக்கீல் மூலம் மனு கொடுத்துவிட வேண்டும். அதைச் செய்யாமல் விட்டால் மறுபடியும் வாரண்ட்தான்.

வக்கீல் வைக்க வசதி இல்லாதவர்கள் 15100 என்ற எண்ணில் சட்ட உதவி கேட்கலாம். பெண்கள், பட்டியல் சாதி மற்றும் பழங்குடியினர், காவலில் இருப்பவர்கள் ஆகியோருக்கு வருமான வரம்பு இல்லாமலே இலவச சட்ட உதவி உண்டு.

வாட்ஸ்அப்பில் வாரண்ட் வந்தால்?

புதிய சட்டப்படி கோர்ட் சம்மன் மின்னணு வடிவிலும் வரலாம். அதனால், மெயிலில் வந்தது என்பதற்காகவே போலி என்று அழித்துவிடாதீர்கள். அதிலுள்ள சி.என்.ஆர். எண்ணையோ வழக்கு எண்ணையோ இ-கோர்ட்ஸில் போட்டுப் பாருங்கள். அதில் வந்த லிங்க்கைத் தொடாமல், தளத்துக்கு நீங்களே போய்த் தேடுங்கள்.

விசாரணைக்கு ஆஜராகச் சொல்லும் போலீஸ் நோட்டீஸ் விஷயம் வேறு. பி.என்.எஸ்.எஸ். 35-வது பிரிவின்கீழ் தரும் அந்த நோட்டீஸை வாட்ஸ்அப் போன்ற வழிகளில் அனுப்பக் கூடாது என்று 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது.

உண்மையான வாரண்டில் நீதிபதியின் கையெழுத்தும் கோர்ட் முத்திரையும் இருக்கும். கைது செய்ய வரும் அதிகாரி அதன் சாரத்தைச் சொல்ல வேண்டும். கேட்டால் காட்ட வேண்டும். வீடியோ காலில் கைது செய்வது என்று எந்தச் சட்டத்திலும் கிடையாது. ‘பணம் அனுப்பினால் வாரண்டை கேன்சல் செய்கிறோம்’ என்று கோர்ட்டோ போலீஸோ கேட்காது. அப்படிக் கேட்டால் போனை வைத்துவிட்டு 1930-க்கு அழையுங்கள்.

வீடு மாறும்போது வங்கிக்கும், லோன் கொடுத்த நிறுவனத்துக்கும் புது முகவரியை எழுத்தில் கொடுத்து, கொடுத்ததற்கான ஒப்புகையை வைத்துக்கொள்ளுங்கள். பழைய வீட்டு ஓனரிடம், ‘தபால் ஏதாவது வந்தா ஒரு போன் பண்ணுங்க’ என்று சொல்லி நம்பரைக் கொடுத்துவிட்டு வாருங்கள்.