மவுஸுக்குப் பாய் விரிக்க வேண்டுமா?

பெண்களுக்கான கணனி வகுப்பு ஆரம்பித்து ஒரு வாரம் ஆவதற்குள் யாராவது ஒரு சகோதரி என்னிடம் இந்தக் கேள்வியைக் கேட்டுவிடுவார். "ரீச்சர், மவுஸ் பாட் கட்டாயம் வாங்கத்தான் வேணுமோ?"

சிறிய கேள்விதான். ஆனால் கேட்பவர் யார் என்று பார்க்க வேண்டும். கணவரை இழந்து, பிள்ளைகளை வளர்த்துக்கொண்டு, கடன் எடுத்து ஒரு பழைய கணனி வாங்கி, வீட்டிலிருந்தே தட்டச்சு வேலை செய்ய நினைப்பவர். அல்லது பிரதேச செயலகத்துக்கு அருகில் ஒரு சிறு கடை போட்டு, விண்ணப்பப் படிவங்களும் மனுக்களும் அடித்துக் கொடுக்க நினைப்பவர். அவர்களிடம் இருப்பது எண்ணி வைத்த காசு. கணனி விற்பவர் மவுஸ், பாட், தூசு உறை என்று ஒவ்வொன்றாகச் சேர்த்துப் பற்றுச்சீட்டை நீட்டும்போது, எது வேண்டும், எது வேண்டாம் என்று தெரிந்திருந்தால்தான் வாய் திறந்து சொல்ல முடியும்.

மவுஸுக்காகப் பாட் வாங்கிய காலம் போய்விட்டது. சில மேசைகளில் மட்டும் இன்றும் ஏதாவது விரிக்க வேண்டியிருக்கிறது. அதற்கும் கடைக்குப் போகத் தேவையில்லை.

முன்பு பாட் ஏன் தேவைப்பட்டது என்று சொல்கிறேன். முதலாவது மவுஸ் 1964 இல் அமெரிக்காவின் ஸ்டான்போர்ட் ஆராய்ச்சி நிறுவனத்தில் செய்யப்பட்டது. எண்ணம் டக்ளஸ் எங்கெல்பார்ட் என்பவருடையது. செய்து கொடுத்தவர் பில் இங்கிலிஷ் என்னும் பொறியியலாளர். அது ஒரு சிறு மரப்பெட்டி. அடியில் இரண்டு சில்லுகள், ஒன்று நெடுக்காக, மற்றது குறுக்காக. பின்னர் சில்லுகளின் இடத்துக்குப் பந்து வந்தது. நான் கற்பிக்கத் தொடங்கிய காலத்தில் எங்களுக்குக் கிடைத்த பழைய கணனிகளோடு வந்தவையும் பந்து மவுஸ்கள்தான். வழுவழுப்பான மேசையில் பந்து உருளாமல் சறுக்கும். அடியில் இறப்பர் ஒட்டிய துணிப் பாட் அதற்குப் பிடிமானம் கொடுத்தது. மேசைப் புழுதி உள்ளே போவதையும் ஓரளவு குறைத்தது. அப்படியிருந்தும் எங்கள் செம்மண் புழுதிக்கு அது போதவில்லை. அடிமூடியைத் திருகிக் கழற்றி, பந்தை எடுத்துக் கழுவி, உள்ளே உருளைகளில் அப்பியிருக்கும் அழுக்கை நகத்தால் சுரண்டுவதே அன்று வகுப்பின் முதற்பாடமாக இருந்தது.

ஒளியால் இயங்கும் மவுஸ் 1980களிலேயே வந்துவிட்டது. வேடிக்கை என்னவென்றால், அதற்குப் பாட் இல்லாமல் அசையவே தெரியாது. மெல்லிய கோடுகள் கட்டம் கட்டமாகப் போட்ட உலோகத் தகடு ஒன்றின் மேல்தான் அது வேலை செய்தது. தகடு தொலைந்தால் மவுஸும் பயனில்லை. 1999 இல் மைக்ரோசொப்ட் நிறுவனம் வெளியிட்ட இன்ரெலிமவுஸ் எக்ஸ்புளோரர் என்ற மவுஸுக்குப் பந்தும் இல்லை, தனித் தகடும் தேவைப்படவில்லை. இன்று கடையில் கிடைக்கும் மலிவான மவுஸும் அந்த வழியில் வந்ததுதான்.

உங்கள் மவுஸைத் திருப்பிப் பாருங்கள். சிறு துவாரம் ஒன்றில் சிவப்பு வெளிச்சம் தெரியும். சில மவுஸ்களில் கண்ணுக்குத் தெரியாத ஒளி இருக்கும். வெளிச்சத்தைக் காணவில்லை என்று பழுதாகிவிட்டதாக நினைக்க வேண்டாம். துவாரத்தைக் கண்ணருகே பிடிக்கவும் வேண்டாம். இந்த ஒளி மேசையில் சாய்வாகப் படும்போது, உள்ளே இருக்கும் மிகச் சிறிய கமெரா ஒன்று மேசையைப் படம் பிடித்துக்கொண்டே இருக்கிறது. 1999 இல் வந்த அந்த மவுஸே ஒரு செக்கனுக்கு 1,500 படங்கள் எடுத்தது. ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் இடையில் மேசையின் மேடு பள்ளங்கள் எவ்வளவு நகர்ந்தன என்று கணக்கிட்டே திரையில் அம்புக்குறி நகர்கிறது. பலகையிலும் கடதாசியிலும் துணியிலும் எங்கள் கண்ணுக்குப் படாத மேடு பள்ளங்கள் நிறைய உண்டு. தெளிந்த கண்ணாடியில் கமெராவுக்கு அப்படி ஒன்றும் அகப்படாது. அதனால்தான் கண்ணாடி மேசையில் அம்புக்குறி நின்றும் துள்ளியும் தொல்லை தருகிறது. பளபளவென்று மினுங்கும் மேசைகளிலும் இந்தத் தொல்லை வரலாம். கண்ணாடியிலும் ஓடக்கூடிய மவுஸை லொஜிரெக் நிறுவனம் 2009 இல் கொண்டுவந்தது. எங்களுக்கு அந்தச் செலவு எதற்கு? பிள்ளையின் பழைய கொப்பி ஒன்றைக் கீழே வைத்தால் மவுஸ் ஒழுங்காக ஓடும்.

கொப்பி நழுவுகிறது என்றால், தையல் தெரிந்தவர்கள் பழைய ஜீன்ஸ் துணியில் ஒரு சாண் அளவு வெட்டி, காட்போட் மட்டையில் சுருக்கமில்லாமல் இழுத்து ஒட்டிக்கொள்ளலாம். கலண்டரின் வழுவழுப்பான படப் பக்கம் சரிவராது. மங்கலான பின்பக்கம் பரவாயில்லை. நல்ல மேசையிலும் அம்புக்குறி துள்ளினால், முதலில் அந்தத் துவாரத்தில் தலைமயிரோ நூலோ சிக்கியிருக்கிறதா என்று பாருங்கள். தையல் மெசினும் கணனியும் ஒரே அறையில் இருக்கும் வீடுகளில் நான் அதிகம் கண்டது இதைத்தான். மவுஸைக் கழற்றிவிட்டு, உலர்ந்த பஞ்சால் மெதுவாகத் துடைத்தால் போதும்.

இனி கையைப் பற்றிச் சொல்ல வேண்டும். எனக்கு இதுதான் முக்கியம்.

ஒருமுறை எங்கள் நிலையத்துக்கு உதவி நிறுவனம் ஒன்று கணனிகள் தந்தது. ஒவ்வொன்றுக்கும் தங்கள் இலச்சினை பொறித்த மவுஸ் பாட்டும் வந்தது. கதிரை வரவில்லை. கிடைத்த பிளாஸ்ரிக் கதிரைகள் பதிவானவை, மேசைகளோ உயரமானவை. பிள்ளைகள் தோளைத் தூக்கி, மணிக்கட்டை மேசை விளிம்பில் அழுத்திக்கொண்டு வேலை செய்தார்கள். ஒரு மாதம் போவதற்குள் பலருக்குக் கைநோவு. கதிரையில் இரண்டு தலையணை போட்டு, காலடியில் ஒரு பலகை வைத்த பிறகுதான் நோவு குறைந்தது. முழங்கை மேசை மட்டத்துக்கு வரவேண்டும். மவுஸ் விசைப்பலகையை ஒட்டி இருக்கவேண்டும். மணிக்கட்டு மேலே மடங்காமல் நேராக இருக்கவேண்டும். மணிக்கட்டின் உட்பக்கத்தில், ஒடுங்கிய வழியொன்றால் விரல்களுக்குப் போகும் நரம்பு இருக்கிறது. அந்த இடத்தை மணிக்கணக்காக அழுத்துவது நல்லதல்ல. மணிக்கட்டு வைக்கவென்று ஜெல் மேடு வைத்த பாட் விற்கிறார்கள். கையை ஓய்வாக வைக்கும்போது அது உதவலாம். அதன்மேல் ஊன்றிக்கொண்டே மவுஸை ஓட்டினால் அழுத்தம் இடம் மாறுகிறதே தவிர இல்லாமற் போவதில்லை. மேசை விளிம்பு குத்துகிறது என்றால் முன்கைக்குக் கீழே மடித்த துவாய் போதும். பெருவிரல், சுட்டுவிரல், நடுவிரல் இரவில் விறைத்தாலோ, உடம்பில் எறிகணைச் சிதறல் உள்ள இடத்தில் நோவு கூடினாலோ பொறுத்துக்கொண்டிருக்காமல் வைத்தியரிடம் காட்டுங்கள்.

எனது வகுப்பில் வலக்கையில் காயம்பட்ட ஒரு தங்கை இருந்தார். இரண்டு விரல்கள் மடங்காது. நல்ல பாட் ஒன்று இருந்தால் சரியாகிவிடும் என்று நம்பி அதற்குக் காசு சேர்த்துக்கொண்டிருந்தார். நான் மவுஸை இடப்பக்கம் மாற்றிவைத்து, விண்டோஸில் மவுஸ் அமைப்புக்குப் போய் இரண்டு பொத்தான்களையும் இடம் மாற்றிக் கொடுத்தேன். இதற்கு ஒரு சதமும் செலவில்லை. முதல் இரண்டு கிழமை அம்புக்குறி அவருக்கு அடங்கவில்லை, எரிச்சலில் அழுதும் இருக்கிறார். பிறகு பழகிவிட்டது. சேர்த்த காசில் உயரமான கதிரை ஒன்று வாங்கினார்.

மவுஸைப் பிடிக்கவே முடியாதவர்களுக்கும் வழி இருக்கிறது. விண்டோஸ் கணனியில் இடப்பக்கத்து ஓல்ட், இடப்பக்கத்து ஷிப்ட், நம் லொக் ஆகிய மூன்று விசைகளையும் ஒன்றாக அழுத்துங்கள். ஒரு கேள்வி வரும், சம்மதம் கொடுங்கள். அதன் பின்னர் வலப்பக்க இலக்க விசைகளே மவுஸாகிவிடும். 8 மேலே, 2 கீழே, 4 இடம், 6 வலம். 5 ஐ அழுத்தினால் கிளிக். கூட்டல் விசை இரட்டைக் கிளிக். ஒரு கையால் மூன்றையும் எட்ட முடியாதவர்கள் பக்கத்தில் இருக்கும் ஒருவரை அழுத்தித் தரச் சொல்லலாம். இலக்க விசைகள் இல்லாத மடிக்கணனியாக இருந்தால், அந்த விசைகள் உள்ள தனி விசைப்பலகை ஒன்றைப் பொருத்திக்கொள்ள வேண்டும்.